பதினைந்து குதிரை

குற்றப்பத்திரிகையில் அதற்கு ஓர் இலக்கம் இருக்கிறது.
ஆங்கில எழுத்து இரண்டு, பிறகு ஆறு எண்கள்.
நிறம் சாம்பல்.
பெறுமதி நாலரை இலட்சம்.
வலு பதினைந்து குதிரை.

எனக்கு வரவேண்டிய நூற்றிப் பதினெட்டு நாளுக்கு
இலக்கம் ஒன்றும் இல்லை.
நகைக்கடைக் கலண்டரில்
தவமலர் குத்திய நீலப் புள்ளிகள் இருக்கின்றன.
"கலண்டர் சாட்சி சொல்லாது தம்பி" என்றார் அப்புக்காத்து.
அதைச் சொன்னதற்கும் காசு வாங்கினார்.

உப்புவெளிக் கரையிலிருந்து விடிய ஐந்தரைக்கு
வெளிநாட்டாருக்குத் திமிங்கிலம் காட்டப் போவோம்.
கண்டால் முதலாளிக்குக் கைகுலுக்கல்,
காணாவிட்டால் எனக்கு ஏச்சு.
நான் என்ன அதைக்
கொட்டிலிலா கட்டி வைத்திருக்கிறேன்?

"சீசன் முடியட்டும்" என்றார் நேசராசா முதலாளி.
முடிந்தது.
"வாடை போகட்டும்" என்றார்.
கவிழ்த்துப் போடாத வள்ளத்தில்
மழை முழங்கால் அளவுக்கு நின்றது.
தவளைகூட வந்துவிட்டது.
மகள் பழைய சப்பாத்தின் முன்பக்கத்தை
பிளேட்டால் வெட்டிவிட்டு
"இப்ப காணும் அப்பா" என்றாள்.

களவென்றால் இருட்டில் எடுக்க வேண்டும்.
நான் எடுத்தது பின்னேரம் நாலு மணிக்கு.
கழற்றித் தோளில் வைத்து
சைக்கிள் கரியரில் இறக்கிக் கட்டும்போது
வலை பொத்திக்கொண்டிருந்த யூட்
"எங்கயடா கொண்டுபோறாய்?" என்றான்.
"சம்பளத்தை" என்றேன்.

சாம்பல்தீவுப் பாலத்தில் மழை பிடித்தது.
என் சேட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினேன்.
வீட்டுக்கு வந்ததும்
பிள்ளைகள் குளிக்க நிரப்பி வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரில்
அதை இறக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு,
உள்ளே கிடந்த உப்பைக் கழுவினேன்.
கழுவாவிட்டால் தின்றுவிடும்.
"ஆற்றையோ எஞ்சினுக்கு" என்று தொடங்கிய தவமலர்
மிச்சத்தைச் சொல்லவில்லை.

நாலு நாள் போன் எடுத்தேன்.
"சம்பளத்தைத் தாங்கோ, எஞ்சினைத் தாறன்."
ஐந்தாம் நாள் ஜீப் வந்தது.

வாக்குமூலம் சிங்களத்தில் மூன்று பக்கம்.
வாசித்துக் காட்டினார்கள், வேகமாக.
சம்பளத்துக்கு அவர்கள் 'படி' என்பார்கள்,
அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.
காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.
மூன்று பக்கத்திலும் வரவில்லை.
கையெழுத்து வைத்தேன்.

நீதிமன்ற வீதியில் மான்கள் நின்றன.
தவமலர் எனக்கென்று கொண்டுவந்த இதரைப் பழத்தை
ஒன்று பையோடு இழுத்துக்கொண்டு போனது.
என்னைக் கொண்டுவந்த பொலிஸ்காரர்
வயிறு குலுங்கச் சிரித்தார்.

சான்றுப்பொருள் என்று துண்டு கட்டி
அதையும் கொண்டுவந்திருந்தார்கள்.
முறிப் பத்திரத்தில் அதை முதலில் விட்டார்கள்.
உரிமையாளர் வந்தார், கையெழுத்திட்டார்,
இரண்டு பேர் பக்குவமாகப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்கள்.
எனக்கு இரண்டு ஆட்பிணை வேண்டியிருந்தது.
யூட் வந்தான். மற்ற ஆளைத் தேட
மத்தியானம் கழிந்துவிட்டது.

அடுத்த தவணை மாசி பதினொன்று.
எடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன்,
களவெடுக்கவில்லை என்று சொல்வேன்.
இரண்டும் ஒன்றுதான் என்கிறார் அப்புக்காத்து.

ஒன்று மட்டும் அவருக்கும் சொல்லவில்லை.
எஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிறு,
நுனியில் விரல்நகம் அளவு கொளுக்கி.
அதை மாட்டாமல் இழுத்தால்
பதினைந்து குதிரையும் அசையாது.
"எல்லாம் ஒப்படைத்தாயா?" என்று சார்ஜன்ட் கேட்டபோது
காற்சட்டைப் பைக்குள் கிடந்தது.
ஓம் என்றேன்.

கடையில் எண்ணூறு ரூபாய்.
முதலாளி அன்றைக்கே வாங்கியிருப்பார்.
இருந்தாலும் கலண்டர் ஆணியில்
தொங்கவிட்டிருக்கிறேன்.

இது களவுதான்.